தமயந்தியின் குரல் இருந்த இடம்

பச்சைக் கோடு நகர்கிறது. நகர்கிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தால் அப்படியே நிற்கிறது. சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஒரு நூல் முன்னால் வந்திருக்கிறது. கோட்டுக்கு மேலே, சுத்தம் நடக்கிறது, கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள் என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது. நான் அணைக்கவில்லை. நான் எதையுமே தொடவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஆனாலும் திரையில் அம்புக்குறி தன்பாட்டுக்குத் திரிகிறது, ஒரு பெட்டியைத் திறக்கிறது, எட்டிப் பார்க்கிறது, மூடுகிறது, அடுத்ததற்குப் போகிறது, ஆளில்லாத வீட்டில் செருப்பைக் கழற்றாமல் நடக்கிறவன் மாதிரி. ஆளில்லாத வீடு இல்லை இது. நான் இருக்கிறேன், பக்கத்து அறையில் தமயந்தி இருக்கிறாள். போன் மேஜைமேல் ஸ்பீக்கரில் கிடக்கிறது, அப்படி வைக்கச் சொன்னது போனில் இருக்கிறவன்தான், லைன்லயே இருங்க சார், கட் பண்ணிட்டா பாதியில நின்னுடும் என்றான். பாதியில் நின்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். எல்லாம் போயிடும் சார் என்றான். அதற்குப் பிறகு நான் இருமக்கூட இல்லை. மத்தியானச் சாப்பாட்டை வயிற்றுக் குழாயில் ஊற்றி முடித்து, அவள் கண் சொருகிய பிறகுதான் லேப்டாப்பைக் கட்டில் மேஜையிலிருந்து கழற்றி ஹாலுக்கு எடுத்து வந்தேன். காலையில் புரட்டிப் படுக்க வைக்கும்போது முதுகின் கீழே தோல் சிவந்திருந்தது, அது படுக்கைப்புண்ணின் ஆரம்பமா, வெறும் வேர்க்குருவா, படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தெரியும் என்று நினைத்தேன். போனில் எல்லாம் பொடிசாகத் தெரிகிறது. ஏதோ ஒரு பக்கம் திறந்தது, படம் வந்தது, படத்தைப் பெரிதாக்க அழுத்தினேன், திரை முழுக்கச் சிவப்பு, ஆம்புலன்ஸ் மாதிரி அலறல். உங்கள் கம்ப்யூட்டரை வைரஸ் தாக்கிவிட்டது, உங்கள் ஃபைல்கள் அழிந்துகொண்டிருக்கின்றன, உடனே இந்த எண்ணைக் கூப்பிடுங்கள். நான் முதலில் என்ன செய்தேன்? ஓடிப்போய் அவள் அறைக் கதவைச் சாத்தினேன். தூக்கம் கலைந்துவிடக் கூடாதே என்று. பிறகு வந்து பெருக்கல் குறியை அழுத்தினேன், போகவில்லை, மறுபடி அழுத்தினேன், அலறல் கூடியது. பிறகு அந்த எண்ணைக் கூப்பிட்டேன்.

அழிந்துகொண்டிருக்கின்றன. அந்த ஒரு சொல்தான். பேங்க் கணக்கு போய்விடும் என்று போட்டிருந்தால் சிரித்திருப்பேன், அந்த லேப்டாப்பில் பேங்க் கணக்கே கிடையாது. ஆனால் அதில் இருப்பது வேறு. அதில் தமயந்தி இருக்கிறாள். உடம்பில் ஒவ்வொரு தசையாக அடங்கிக்கொண்டே வரும் நோய் என்று கோயமுத்தூர் டாக்டர் சொன்னபோது, நாக்கும் போகுமா என்றுதான் அவள் முதலில் கேட்டாள், கால் போகுமா என்று கேட்கவில்லை. போகும் என்றார். அன்றைக்குச் சாயந்திரமே பூனாவில் இருக்கும் எங்கள் மகள் இளமதிக்குப் போன் செய்து, போறதுக்குள்ள பேசி வெச்சுக்கோணும் கண்ணு, ஏற்பாடு பண்ணு என்றாள். இளமதி வந்து லேப்டாப்பையும் மைக்கையும் வைத்துக் கொடுத்தாள். திரையில் கட்டம் கட்டமாக இருக்கும், மஞ்சள் வெளிச்சம் ஒவ்வொரு கட்டமாக நகரும், வேண்டிய கட்டத்துக்கு வரும்போது விரலால் ஒரு பட்டனை அழுத்தினால் அந்தக் கட்டத்தில் இருக்கும் வாக்கியம் அவள் குரலிலேயே வெளியே வரும். அந்த வாக்கியங்களை அவள் ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசினாள். மேல்வீட்டு மிக்ஸி நிற்கும்வரை காத்திருப்பாள், நிற்கும், பேசுவாள். என்னென்ன பேசுவது என்பதில் எனக்கும் அவளுக்கும் சண்டை. நான் தண்ணி, வலி, பசி என்று ஆரம்பித்தேன். அதெல்லாம் கண்ணைப் பார்த்தாலே தெரியும், அதுக்கு எதுக்குக் குரல் என்றாள். அவள் பேசியது: நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், ஆனா இல்லை. அந்தப் பொம்பளை வந்தா நான் தூங்கறேன்னு சொல்லுங்க. பாட்டை நிறுத்துங்க, அவன் சுருதி இல்லாமப் பாடறான். சட்டையை மாத்துங்க, மூணு நாளா இதேதான். என்ன யோசிக்கறீங்க. இது என்ன, உங்கம்மா கிட்டக் கத்துக்கிட்ட ரசமா. வாக்கியம் வாக்கியமாக, கடைசியில் நாக்கு இழுக்க ஆரம்பித்த பிறகும், ல வராமல், ர வராமல், திரும்பத் திரும்பச் சொல்லி, நன்றாக வந்ததை வைத்துக்கொண்டு. சிரிப்பை மட்டும் வேண்டாம் என்றாள். சிரிச்சு ரெக்கார்டு பண்ணினா அது சிரிப்பா என்றாள். ஆனால் ஒரு வாக்கியத்தின் நடுவில் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள், இளமதி அதையும் அறுத்து ஒரு கட்டத்தில் வைத்துவிட்டாள், இப்போது அதைத்தான் அதிகம் அழுத்துகிறாள். நான் குழாயைத் தப்பாக மாட்டும்போது. டிவியில் செய்தி ஓடும்போது. ஒரு கட்டம், ஒரு டிக், அந்தச் சிரிப்பு. பேச்சு நின்று இரண்டு தீபாவளி போய்விட்டது, ஆனாலும் இந்த வீட்டில் நான் தனியாக இருந்ததே இல்லை.

இப்போது கோடு பாதியைத் தாண்டியிருக்கிறதா? தாண்டியிருக்கிறது. சார் இருக்கீங்களா என்கிறான். இருக்கேன் என்கிறேன். நல்ல குரல். வட இந்தியாவிலிருந்து எவனாவது எடுப்பான், ஆங்கிலத்தில் தடுமாற வேண்டியிருக்கும் என்று பயந்துகொண்டுதான் எண்ணை அழுத்தினேன், எடுத்ததும் வணக்கம் சார், பதட்டப்படாதீங்க, சரியான நேரத்துல கூப்பிட்டிருக்கீங்க என்றான் தமிழில், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, தமிழைக் கேட்டு யாராவது அழுவார்களா, அழுதேன். பெயர் கேட்டான், சென்னியப்பன் என்றேன், என்ன செய்தீர்கள் என்றான், மில்லில் ஸ்டோர்ஸ் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவன் என்றேன், எங்க அப்பாவும் மில்லுதான் சார் என்றான். இருக்கலாம். ஏன் இருக்கக் கூடாது. ஒரு சின்ன சாஃப்ட்வேரை இறக்கச் சொன்னான், திரையில் வந்த எண்ணைப் படிக்கச் சொன்னான், படித்தேன், அதோடு அம்புக்குறி என் கையை விட்டுப் போனது. பிறகு ஒரு பட்டியலைத் திறந்து காட்டினான், வரிக்கு வரி சிவப்பும் மஞ்சளும், இதெல்லாம் என்னன்னு தெரியுமா சார், ஒவ்வொண்ணும் ஒரு வைரஸ் என்றான். எனக்குத் தெரியாது. ஸ்கேன் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி இது பாருங்க என்று டாக்டர் சொன்னபோதும் எனக்குத் தெரியவில்லை, தலையாட்டினேன், அது உண்மையாக இருந்தது. தெரியாதவன் தலையாட்டத்தான் முடியும். நான் ஒன்றும் ஏமாளி இல்லை. எங்கள் அபார்ட்மென்ட் கூட்டத்தில் சைபர் கிரைம் போலீஸ்காரர் ஒருவர் வந்து பேசினார், ஓடிபி சொல்லாதீர்கள், கார்டு எண் சொல்லாதீர்கள் என்றார், நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். இவன் ஓடிபி கேட்கவில்லை. கார்டு எண் கேட்கவில்லை. இதைக்கூட அவனிடம் சொன்னேன், நீங்கள் ஓடிபி கேட்டால் வைத்துவிடுவேன் என்று, அவன், ரொம்பக் கரெக்ட் சார், யாருக்கும் சொல்லாதீங்க என்றான். அந்தக் கூட்டத்தில் நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். தமயந்திக்குச் சளி உறிஞ்ச வேண்டிய நேரம். நான் வந்த பிறகு அவர் எதைப் பற்றிப் பேசினார்? இதைப் பற்றியா? சிவப்புத் திரை, அலறல், போன் நம்பர், இப்படி வந்தால் கூப்பிடாதீர்கள், ஆஃப் செய்துவிட்டுப் போய் டீ குடியுங்கள் என்று சொல்லியிருப்பாரா? கீழ்வீட்டு ராமசுப்பு அப்புறம் வடை கொடுத்தார்கள் என்றுதான் சொன்னார், என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நிஜமான வைரஸ் எதற்குப் போன் நம்பர் தரும்? இது இப்போதுதான் தோன்றுகிறது. திருடன் வந்திருக்கிறான் என்று கத்துகிறவன் நம் வீட்டுச் சாவியையும் சேர்த்துக் கேட்பானா? இல்லை, வைரஸ் நம்பர் தரவில்லை, அதைக் கண்டுபிடித்த கம்பெனி தருகிறது. எந்தக் கம்பெனி? பெயர் போட்டிருந்தது, பெரிய பெயர் மாதிரி இருந்தது, கேடயம் படம் இருந்தது. நான் எந்தக் கம்பெனியிடமும் எதையும் வாங்கியதில்லையே, இளமதி போட்டுக் கொடுத்தது ஒன்று மூலையில் இருக்கிறது, அது எப்போதாவது ஓரத்தில் எழுதிக் காட்டும், அப்டேட் ஆகிவிட்டது என்று, மறைந்துவிடும். அது ஒருநாளும் கத்தியதில்லை. கத்துகிறவனை நம்பாதீங்க என்று யாரைப் பற்றியோ தமயந்தி சொல்வாள். அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், டிரங்க் கால் காலத்திலிருந்தே, முகம் தெரியாத ஆட்களின் குரலை நாள் முழுக்கக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள், வீட்டில் ராங் நம்பர் வந்தால்கூட இவன் நிஜமாவே மாத்திப் போட்டவன், இவன் வேணும்னே போட்டவன் என்று பிரித்துச் சொல்வாள். அவளிடம் ஒரு நிமிடம் இந்தக் குரலைக் கேட்கக் கொடுத்தால் போதும். எழுந்து போய்க் கதவைத் திறந்து, இவன் எப்படி, சொல்லு என்றால் சொல்வாள். எதைக் கொண்டு சொல்வாள்? சொல்லும் லேப்டாப் இங்கே இருக்கிறது, அவன் கையில். கோடு முக்கால். நான் ஏன் அதைச் சொன்னேன்? அம்புக்குறி முதலில் எங்கெங்கோதான் அலைந்தது, படங்கள், டவுன்லோடு, குப்பைத் தொட்டி. நான்தான் சொன்னேன். தம்பி, அந்த 'அம்மா'ன்னு இருக்கிற ஃபோல்டர் மட்டும் பத்திரம், அதுல என் மனைவியோட குரல் இருக்கு, அவளுக்குப் பேச்சு கிடையாது, அதுதான் எல்லாமே என்றேன். போனில் பின்னால் நிறையப் பேர் பேசிக்கொண்டிருக்கும் இரைச்சல் மட்டும் கேட்டது, எல்லாரும் யாரையோ பதட்டப்படாதீங்க என்று சொல்லிக்கொண்டிருந்த மாதிரி. பிறகு, கவலைப்படாதீங்க அப்பா என்றான். அதுவரை சார் என்றவன் அப்பா என்றான். பாவம், நல்ல பையன் என்று நினைத்தேன். நல்ல பையன் என்று.

கோடு முடிந்தது. முடிந்ததும் பச்சை மறைந்து பெரிய பெட்டி ஒன்று வந்தது, ஒரு வருடப் பாதுகாப்பு, இரண்டு வருடம், ஆயுள் முழுக்க, பக்கத்தில் பக்கத்தில் விலை. தொகையைப் பார்க்கிறேன், தொகை எனக்குப் பெரிதில்லை, அதைக் கொடுத்துவிடலாம், கொடுத்துவிட்டால் முடிந்துவிடும், ஆனால் கை வரவில்லை. என் மகளைக் கேட்டுச் சொல்றேன் தம்பி என்கிறேன். மகளெல்லாம் எதுக்கு, இப்பவே போடுங்க, இல்லேன்னா திரும்ப வந்துடும் என்கிறான். கேட்டுட்டு அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன் என்கிறேன். குரல் மாறுகிறது. கத்தவில்லை, தாழ்ந்துபோகிறது, இவ்வளவு நேரம் வேலை பார்த்திருக்கேன், சும்மாவா என்கிறான். அம்புக்குறி எழுந்து நேராகப் போகிறது, தேடவில்லை, இடம் தெரியும், 'அம்மா' மேல் நிற்கிறது. பார்த்துட்டே இருங்க என்கிறான். தம்பி வேண்டாம், தம்பி, பணம் போடறேன், இப்பவே போடறேன் என்கிறேன், என் குரல் யாருடையதோ மாதிரி இருக்கிறது, போனை எடுக்கிறேன், பணம் அனுப்பும் ஆப் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. நிரந்தரமாக அழிக்கவா என்று திரை கேட்கிறது. அம்புக்குறி ஆமாம் என்கிறது. நான் சார்ஜர் வயரைப் பிடித்து இழுக்கிறேன், பிடுங்கிக்கொண்டு வருகிறது, லேப்டாப் அணையவில்லை, பேட்டரியில் ஓடுகிறது, அதுகூடத் தெரியாதா எனக்கு, தெரியும், தெரியும். பக்கத்தில் ஹார்டு டிஸ்க், இளமதி எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வைக்கச் சொன்னது, வைத்திருந்தேன், கழற்றி பீரோவில் வைங்க என்றாள், பீரோவில் வைத்தால் அவசரத்துக்கு யார் தேடி எடுப்பார்கள் என்று எப்போதும் செருகியே வைத்திருந்தேன், அம்புக்குறி அதற்குள்ளும் போகிறது, அங்கேயும் ஒரு 'அம்மா', அங்கேயும் ஆமாம். வைஃபை பெட்டியின் ஸ்விட்ச் என் தோளுக்குப் பின்னால் சுவரில் இருக்கிறது. இவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். தட்டுகிறேன். அம்புக்குறி நடுத்திரையில் உறைந்து நிற்கிறது. போனில் அவன் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான், அது வேறு லைன் அல்லவா, திரும்ப வேணும்னா கூப்பிடுங்க அப்பா என்கிறான், அணைக்கிறேன். 'அம்மா' இருந்த இடத்தில் அதற்கு அடுத்த ஃபோல்டர் நகர்ந்து வந்து உட்கார்ந்திருக்கிறது. இடம்கூடக் காலியாக இல்லை.

இளமதியைக் கூப்பிட்டேன், ஆபீஸில் இருந்தாள். அம்மாவுக்கு என்னாச்சு என்றுதான் எடுத்தாள், நான் பகலில் கூப்பிட்டால் அவளுக்கு அப்படித்தான். சொன்னேன். முழுக்கச் சொல்லவிட்டாள். நெட்டை நிறுத்திட்டீங்களா என்றாள், நிறுத்திட்டேன் கண்ணு என்றேன். லேப்டாப்பை மூடுங்க, திறக்காதீங்க, எதையும் காப்பாத்தப் பார்க்காதீங்க, நான் ராத்திரி பஸ் ஏறறேன், நல்ல கடையில கொடுத்துப் பார்க்கலாம் என்றாள். கிடைக்குமா என்றேன். அந்த மாடல்ல அழிச்சா உள்ளேயே துடைச்சுடும் அப்பா, டிஸ்க்ல கொஞ்சம் வரலாம், அதுவும் சொல்ல முடியாது என்றாள். உன் கிட்ட இருக்குமே என்றேன், அவள்தானே எல்லாம் செய்தது. போன வருஷம் என் மெஷின் மாத்தினப்ப உங்க கிட்ட ரெண்டு இடத்துல இருக்குன்னு நான் எடுத்து வெக்கலை என்றாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வாட்ஸாப்பில் அம்மா பழசா அனுப்பின வாய்ஸ் ஒண்ணு இருக்கு, சிலிண்டர்காரன் வரலைன்னு சொல்றது, அதை இப்ப அனுப்பட்டுமா என்றாள், அதோடு அவள் பேச்சு உடைந்துபோனது. வேண்டாம் சாமி என்றேன். ஏன் வேண்டாம் என்றேன் என்று தெரியவில்லை. அந்த ஒன்றுதான் மிச்சம் என்று தெரிந்துகொண்டு அதைக் கேட்க முடியவில்லை. அம்மா கிட்டச் சொல்லிட்டீங்களா என்றாள். தூங்கறா என்றேன். லேப்டாப்பை மூடினேன். மூடி வைத்தால் சாதாரணமாகத்தான் இருக்கிறது, எப்போதும் போல, மேலே மஞ்சள் கறை, கஞ்சி சிந்தியது, என்னைத் துடைக்க விடாமல் அவள் ஒருநாள் திட்டியது, ஈரத் துணியாலயா துடைப்பாங்க, அந்த வாக்கியமும் அதில்தான் இருந்தது. ஹாலில் ஃபேன் சத்தம் கேட்கிறது. இந்த ஃபேனுக்கு இவ்வளவு சத்தமா? எப்படிச் சொல்வது? போய் உட்கார்ந்து, கையைப் பிடித்து, லேப்டாப் ரிப்பேர், கடைக்குப் போயிருக்கு என்று சொல்லலாம். இளமதி வரும்வரை சொல்லலாம். எத்தனை நாள் சொல்வது? அவளிடம் நான் சொன்ன எந்தப் பொய் நின்றிருக்கிறது? உண்மையைச் சொல்லலாம். உண்மையைச் சொன்னால் அவள் அழுவாள், அழுதால் மூக்கடைக்கும், மூச்சு முட்டும், இயந்திரம் போட வேண்டிவரும். சொல்லாமலும் இருக்க முடியாது. சரி, தூங்கட்டும், எழுந்த பிறகு பார்க்கலாம், தூங்குகிறவரை அவளுக்குக் குரல் இருக்கிறது, இந்த வீட்டில் அது போனது எனக்கு மட்டும்தான் தெரியும், இப்படியே இந்தக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தால்.

டிக் என்று ஒரு சத்தம். கதவுக்கு அந்தப் பக்கம். பல்லியா? மறுபடி டிக். எனக்குத் தெரிந்த சத்தம்தான், ஆனால் அதற்குப் பின்னால் எப்போதும் வேறொன்று வரும், அதனால் அதைத் தனியாக நான் கேட்டதில்லை. கதவைத் திறக்கிறேன். அவள் தூங்கவில்லை. கண் இரண்டும் அகலத் திறந்து கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறது, விரல் பட்டனை அழுத்துகிறது, பட்டனிலிருந்து வரும் வயர் கட்டில் ஓரத்தில் தொங்குகிறது, நான் லேப்டாப்பைக் கழற்றி எடுத்தபோது விட்டது. ஒன்றிலும் செருகாத பட்டன். எவ்வளவு நேரமாக அழுத்துகிறாள்? பக்கத்தில் போய் உட்காருகிறேன். முழிச்சுத்தான் இருந்தியா என்கிறேன். ஒரு முறை சிமிட்டுகிறாள். ஒன்று என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. அந்த அலறல்லயே முழிச்சுட்டியா? ஒன்று. அவன் பேசினது கேட்டுதா? ஒன்று. இளமதி கிட்டப் பேசினது? ஒன்று. எல்லாம் கேட்டிருக்கிறாள். கதவைச் சாத்தினேன், ஸ்பீக்கரைப் போட்டேன். அவன் வணக்கம் சார் என்றதிலிருந்து இவள் இங்கே படுத்துக்கொண்டு அந்தப் பட்டனை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறாள், போனை வையுங்க, போனை வையுங்க என்று, வேறென்ன சொல்லியிருப்பாள், டிக், டிக் என்று, பத்தடி தூரத்தில் நான் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு. போச்சு தமயந்தி என்கிறேன். சிமிட்டவில்லை. அதற்கு ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. அழவும் இல்லை. என் முகத்தையே பார்க்கிறாள், ஏதோ சொல்ல வேண்டும் அவளுக்கு, எனக்குத் தெரியும், புருவம் அப்படித்தான் லேசாக ஏறும். தண்ணி வேணுமா? இரண்டு. திருப்பிப் படுக்க வெக்கட்டுமா? இரண்டு. முதுகு எரியுதா? இரண்டு. இளமதியைப் பத்தியா? இரண்டு. என்னைப் பத்தியா? ஒன்று. என் மேல கோவமா? அவள் யோசிக்கிறாள், அல்லது கண் காய்ந்துபோய் மெதுவாக மூடுகிறது. இரண்டு. அப்புறம், வருத்தப்படாதீங்கன்னு சொல்றியா? ஒன்று என்று வரும், வந்தால் அவள் மடியில் தலையை வைத்துவிடலாம் என்று காத்திருக்கிறேன். இரண்டு. எழுத்து அட்டையைக் கொண்டு வரட்டுமா, ஒவ்வொரு எழுத்தாச் சொல்லு, எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. இரண்டு. ரொம்பத் தெளிவாக, ஒன்றுக்கும் மற்றதுக்கும் நடுவில் இடைவெளி விட்டு, இரண்டு. அவன் பேசினதைப் பத்தியா? இரண்டு. நாளைக்கு என்ன பண்றதுன்னா? இரண்டு. பழசு ஏதாவதா? இரண்டு. ஜன்னல், வெளிச்சம், ஃபேன், சளி, கால், போர்வை, எல்லாவற்றையும் கேட்கிறேன், கேட்டதையே மறுபடி கேட்கிறேன், அவள் பொறுமையாக ஒவ்வொன்றுக்கும் இரண்டு, இரண்டு. எனக்குக் கேள்வி தீர்ந்துபோகிறது. அவள் கண்ணை மூடவில்லை, அடுத்ததைக் கேட்பேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். வெயில் கட்டிலின் கால்மாட்டிலிருந்து இறங்கிவிட்டது. விரல் மறுபடி பட்டனை அழுத்துகிறது. டிக். என்ன என்கிறேன். அது ஒன்றோ இரண்டோ சொல்லிவிடக்கூடிய கேள்வி இல்லை.